யங்கின் மட்டு பரிசோதனை: கம்பியைத் தெரிவதிலிருந்து விடையைச் சரிபார்ப்பது வரை

உயர்தரப் பௌதிகவியலில் தகைப்பு (விசை ÷ பரப்பு), விகாரம் (நீட்சி ÷ நீளம்), யங்கின் மட்டு (தகைப்பு ÷ விகாரம்) மூன்றையும் வரைவிலக்கணமாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். கம்பியைக் கையில் கொடுத்து மட்டை அளக்கச் சொன்னால்தான் தடுமாற்றம். பெரும்பாலும் கணக்கில் தவறுவதில்லை. முதலில் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முதலிலும் செய்வதால் வாசிப்புகள் கெட்டுப்போகின்றன. அதனால் இங்கே வரிசைக்கும், அந்த வரிசைக்கான காரணத்துக்கும்தான் அதிக இடம்.

1. கம்பியைத் தொடுமுன் ஒரு கைக்கணக்கு

2 மீற்றர் நீளமும் 0.5 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள உருக்குக் கம்பியில் 1 கிலோகிராமைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு நீளும்? இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் எதையும் பொருத்த வேண்டாம்.

குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.196 சதுர மில்லிமீற்றர், அதாவது 1.96×10⁻⁷ சதுர மீற்றர். விசை 9.8 நியூட்டன். விசையைப் பரப்பால் வகுத்தால் தகைப்பு 5×10⁷ பஸ்கால். உருக்கின் யங்கின் மட்டு ஏறத்தாழ 2×10¹¹ பஸ்கால். தகைப்பை அதனால் வகுக்க விகாரம் 2.5×10⁻⁴ வரும். அதை 2 மீற்றரால் பெருக்கினால் நீட்சி 0.5 மில்லிமீற்றர்.

ஒரு கிலோவுக்கு அரை மில்லிமீற்றர்தான். மீற்றர் கோலை அருகில் பிடித்து இதைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும். வேணியர் (மில்லிமீற்றரின் சிறு பின்னங்களை வாசிக்க உதவும் துணை அளவுகோல்) ஏன், இரண்டு கம்பி ஏன், காத்திருப்பது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த அரை மில்லிமீற்றரில் இருக்கிறது.

எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதும் இதே கணக்கில் தெரியும். மென்னுருக்கு ஏறத்தாழ 250 மெகாபஸ்காலில் விளைந்துவிடும், அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும். மேலே சொன்ன கம்பிக்கு அது 5 கிலோ. ஆகவே கம்பியை நேராக்க முதலில் தொங்கவிடும் 1 கிலோவுக்கு மேல் 3 கிலோவுடன் நிறுத்திக்கொண்டால் மொத்தத் தகைப்பு ஏறத்தாழ 200 மெகாபஸ்கால்தான்.

2. எந்தக் கம்பி

ஒற்றை இழையாக, துருவில்லாமல், நெளிவில்லாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு கம்பி தேடுங்கள்.

சைக்கிள் பிரேக் கம்பி எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலர் அதைக் கொண்டுவருவார்கள். அது பல இழைகளை முறுக்கியது. சுமை ஏறும்போது உருக்கு நீள்வதற்கு முன்பே முறுக்கு இறுகும். இழைகளுக்கு நடுவே வெற்றிடமும் உண்டு. வெளிவிட்டத்தை வைத்துப் பரப்பைக் கணித்தால் அது உருக்கின் பரப்பு அல்ல. மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டை இறக்கும் கம்பி வடத்துக்கும் இதே கதைதான்: உருக்குத்தான், ஆனால் வடமாக அளந்தால் உருக்கின் மட்டைவிடக் குறைவாகவே வரும்.

கிட்டாரின் மெல்லிய, சுற்று இல்லாத கம்பி நல்ல உருக்கு. ஆனால் ஒரு மீற்றர் அளவில்தான் கிடைக்கும், நீட்சி பாதியாகிவிடும். கடையில் சுருளாக விற்கும் கட்டுக்கம்பி பரவாயில்லை, நெளிவில்லாத துண்டாகப் பார்த்து வெட்ட வேண்டும். சுருளைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காக மாறும். சுருளை உருட்டி, கம்பி நேராக வெளியே வரும்படி எடுங்கள்.

பழைய மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பியில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அதன் மேல் பளபளப்பான காப்புப் பூச்சு. அது இரு பக்கமும் 0.02 மில்லிமீற்றர் வீதம் இருந்தாலே 0.50 மில்லிமீற்றர் கம்பி 0.54 என்று வாசிக்கும். பரப்பு 17 சதவீதம் கூடிவிடும். அளக்கும் இடங்களில் மெல்லிய அரத்தாளால் பூச்சை மட்டும் சுரண்டுங்கள். நெருப்பில் காட்டி எரித்தால் செம்பு இன்னும் மென்மையாகிவிடும். இரண்டாவது பொறி அந்த மென்மைதான். மென்செம்பு சில பத்து மெகாபஸ்காலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 0.5 மில்லிமீற்றர் செம்பில் 1 கிலோவைத் தொங்கவிட்டால் எல்லையை எட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செம்புக்கு 100 கிராம் படியில் போக வேண்டும்.

3. மற்றப் பொருட்கள்

ஒரே வகைக் கம்பி இரண்டு, மேலே பிடிக்க இறுக்கமான கவ்விகள், வேணியர் பொருத்திய சட்டம் அல்லது நீர்மட்டமும் நுண்மானித் திருகும் உள்ள சட்டம், அரைக் கிலோத் திணிவுகள், நுண்மானித் திருகுக்கணிச்சி, அளவு நாடா, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கீழே வைக்க மணல் நிரப்பிய பெட்டி.

திணிவுகள் போதாவிட்டால் தண்ணீர் போத்தல் போதும். அரை லீற்றர் தண்ணீர் அரைக் கிலோ; போத்தலின் திணிவு வேறு. ஒவ்வொன்றையும் கடைத் தராசில் நிறுத்து, எழுதி ஒட்டிவிடுங்கள்.

கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. இழுபட்டு நிற்கும் கம்பி அறுந்தால் மேல் துண்டு முகத்தை நோக்கித்தான் துள்ளும். மணல் பெட்டி காலுக்காக.

4. இரண்டு கம்பியையும் ஒரே வளையில் தொங்கவிடுதல்

ஒரு கம்பி சோதனைக்கு, மற்றது ஒப்பிட. இரண்டும் ஒரே கூரை வளையில், பக்கத்தில் பக்கத்தில் தொங்க வேண்டும். பிரதான அளவுகோல் ஒப்பீட்டுக் கம்பியிலும், வேணியர் சோதனைக் கம்பியிலும் இருக்கும்.

காரணம் இரண்டு. சுமை ஏறும்போது மரவளை கொஞ்சம் வளையும். ஒரு கம்பி மட்டும் இருந்தால் அந்த வளைவும் நீட்சியாகக் கணக்கில் சேரும். இரண்டும் ஒரே இடத்தில் தொங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். வேணியருக்கு அது தெரியாது.

மற்றக் காரணம் வெப்பநிலை. மலைநாட்டில் இது சும்மா சொல்லும் காரணம் இல்லை. ஹட்டன் பக்கம் காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு வெயில் தகரக் கூரையில் விழும். 5 பாகை செல்சியஸ் ஏறினால் 2 மீற்றர் உருக்கு 0.12 மில்லிமீற்றர் விரியும். அரைக் கிலோ தரும் நீட்சியே 0.25 மில்லிமீற்றர்தான், அதில் பாதி! இரண்டு கம்பியும் ஒரே பொருளாகவும் ஒரே நீளமாகவும் இருந்தால் விரிவும் சமமாகி விலகிப்போகும். உருக்கைச் சோதிக்கும்போது ஒப்பீட்டுக்குச் செப்புக் கம்பி போடாதீர்கள் என்பது இதனால்தான்.

முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டாம். முடிச்சு ஒவ்வொரு சுமைக்கும் கொஞ்சம் இறுகும். தட்டையான இரு உலோகத் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள்.

5. ஆரம்பச் சுமை

உருக்கானால் இரண்டு கம்பியிலும் 1 கிலோ அளவில் தொங்கவிட்டுப் பத்து நிமிடமாவது விடுங்கள் (மென்செம்புக்கு இது கூடிப்போகும்). சிறு நெளிவுகள் நேராகும், கவ்விகளில் கம்பி இறுகி அமரும்.

இந்தச் சுமை மட்டைக் கணிக்கும்போது வராது. கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிப்பதுபோலத்தான். (அங்கே கழிப்பது கூடிப்போகிறது என்ற முறைப்பாடு தனிக்கதை.) ஆரம்பச் சுமையுடன் வரும் வேணியர் வாசிப்பே உங்கள் பூச்சியம். அதற்கு மேல் ஏற்றுவது மட்டும்தான் சுமை.

6. நீளம்

ஆரம்பச் சுமை தொங்கும்போதே அளக்க வேண்டும். மேல் கவ்வியின் கீழ் விளிம்பிலிருந்து, வேணியர் சட்டம் கம்பியைப் பிடிக்கும் இடம் வரை. சுமைத் தட்டு வரை அளப்பது வழக்கமான பிழை. சட்டத்துக்குக் கீழே உள்ள துண்டும் நீளத்தான் செய்கிறது, ஆனால் வேணியர் அதை அளப்பதில்லையே.

ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் இங்கே பெரிய சேதமில்லை. 2 மீற்றரில் அது 0.05 சதவீதம்.

7. விட்டம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

நீளத்தை மூன்று தரம் அளந்துவிட்டு விட்டத்தை ஒரே தரம் அளக்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். தலைகீழாக இருக்க வேண்டும். 0.50 மில்லிமீற்றரில் 0.01 தவறினால் 2 சதவீதம். பரப்பில் விட்டத்தின் வர்க்கம் வருவதால் அது விடையில் 4 சதவீதமாகும். முழுப் பரிசோதனையிலும் இவ்வளவு மலிவாக வரும் பெரிய வழு வேறில்லை.

முதலில் திருகுக்கணிச்சியின் தாடைகளை மெல்லிய தாளால் துடையுங்கள். நம் பக்கத்து ஈரத்தில் ஒரு மாதம் அலுமாரியில் கிடந்தாலே துருப்பொட்டு வந்துவிடும். பிறகு வெறுமையாக மூடிப் பூச்சிய வழுவைப் பாருங்கள். பூச்சியக் கோட்டைத் தாண்டாமல் 0.02 இல் நின்றால் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 0.02 ஐக் கழிக்க வேண்டும். 50 பிரிவுள்ள உருளை பூச்சியத்தையும் கடந்து 48 ஆம் பிரிவில் நின்றால் 0.02 ஐக் கூட்ட வேண்டும். கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பினால் இப்படிக் கேளுங்கள்: கருவி ஒன்றுமில்லாததையே கூடக் காட்டுகிறதா, குறைத்துக் காட்டுகிறதா? கூடக் காட்டினால் கழியுங்கள்.

கம்பியைப் பிடிக்கும்போது பெரிய உருளையைத் திருகாதீர்கள். முனையில் உள்ள சிறு தலையைத் திருகி, அது 'டிக் டிக்' என்று வழுக்கியதும் நிறுத்துங்கள். உருளையை அழுத்தித் திருகினால் மென்செம்பு நசுங்கும். வாசிப்பு குறையும், கம்பியும் கெடும்.

மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகள். கம்பி முழு வட்டமாக இருப்பது அபூர்வம். ஆறு வாசிப்புகளின் சராசரியை எடுங்கள். ஓரிடத்தில் மட்டும் வெகுவாக வேறுபட்டால் அந்த இடத்தில் கம்பி அடிபட்டிருக்கிறது.

விட்டத்தை ஏன் சுமை ஏற்றுமுன் அளக்க வேண்டும்? வாசிப்புகளின் நடுவே திருகுக்கணிச்சியைக் கொண்டுபோய்க் கம்பியில் பிடித்தால் கம்பி அசையும், கவ்வி தளரும். அதோடு எடுத்த வாசிப்பெல்லாம் வீண்.

8. ஏற்றுதல், இறக்குதல்

உருக்கானால் அரைக் கிலோவாக ஏற்றுங்கள். திணிவைப் போட வேண்டாம், வைக்க வேண்டும். விழும் திணிவு ஒரு கணத்துக்குத் தன் நிறையைவிடக் கூடுதலான விசையைத் தரும். வைத்தபின் ஆட்டம் அடங்க ஒரு நிமிடம் விட்டு வாசியுங்கள். பக்கத்து ரோட்டில் லொறி போகிறதென்றால் அது போகட்டும்.

நீர்மட்டமுள்ள சட்டமானால் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரத் திருகை எப்போதும் ஒரே திசையிலிருந்தே திருப்புங்கள். கடந்துபோய்த் திரும்பினால் புரியிடை வெளி காரணமாக வாசிப்பு பின்தங்கும்.

3 கிலோ வரை ஏற்றியபின் அதே படிகளில் இறக்கி, ஒவ்வொன்றிலும் மறுபடி வாசியுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சராசரி எடுக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். கம்பி மீள்தன்மை எல்லைக்குள் இருந்ததா என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சான்று இறக்கும் வாசிப்புத்தான்.

உதாரணமாக ஏற்ற, இறக்கச் சராசரி நீட்சிகள் இப்படி வந்தன என்று வைப்போம்:

0.5 கிலோ: 0.24 மில்லிமீற்றர்
1.0 கிலோ: 0.50
1.5 கிலோ: 0.74
2.0 கிலோ: 0.98
2.5 கிலோ: 1.24
3.0 கிலோ: 1.48

"சேர், நாலாவதுக்கு மேல எல்லாமே கூடிக்கிடக்கு" என்று தன் அட்டவணையோடு ஒரு பிள்ளை வந்து நிற்பது வழக்கம். அட்டவணையை அழிக்கச் சொல்ல மாட்டேன். வரைபில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஓரிடத்தில் சட்டென்று மேலே குதித்து, அதன்பின் பழைய கோட்டுக்குச் சமாந்தரமாகவே போனால் கவ்வியில் கம்பி வழுக்கியிருக்கிறது. கம்பியில் குறையில்லை, கவ்வியை இறுக்கித் திரும்பத் தொடங்கலாம். குதிக்காமல் போகப்போக மேல்நோக்கி வளைந்தால் விகிதசம எல்லையைத் தாண்டிவிட்டது. முழுதும் இறக்கியபின் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் மீள்தன்மை எல்லையும் போயிற்று. அந்தக் கம்பியைக் கழற்றிப் புதிதாக ஒன்று போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

9. வரைபு

கிடை அச்சில் சுமை, நிலை அச்சில் நீட்சி. நாம் தெரிவுசெய்து மாற்றுவது சுமை, அதனால் அது கிடையச்சில்.

கோட்டை உற்பத்திப் புள்ளியினூடாக வலிந்து இழுக்க வேண்டாம். முதல் ஓரிரு புள்ளிகள் கொஞ்சம் விலகினால் நெளிவு நேரான விளைவு. கோடு அச்சைச் சற்று மேலே வெட்டட்டும். படித்திறனுக்கு அது தடையில்லை. தனி வாசிப்பை விட்டுப் படித்திறனை எடுப்பதன் பயனே அதுதான்.

படித்திறனுக்கான முக்கோணம் கோட்டின் பாதிக்கு மேல் நீள வேண்டும். புள்ளிகள் கோட்டின் மேலிருந்து எடுக்க வேண்டும், அட்டவணையிலிருந்து அல்ல.

மேலே உள்ள வாசிப்புகளுக்குப் படித்திறன் கிலோவுக்கு 0.495 மில்லிமீற்றர் அளவில் வரும். பிறகு:

யங்கின் மட்டு = (புவியீர்ப்பு ஆர்முடுகல் × நீளம்) ÷ (பரப்பு × படித்திறன்)

9.8 × 2.00 ஐ, 1.96×10⁻⁷ × 4.95×10⁻⁴ ஆல் வகுத்தால் 2.0×10¹¹ பஸ்கால்.

1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஈர்ப்பு குறையாதா என்று யாராவது கேட்பார்கள். குறையும், ஏறத்தாழ 9.78. 9.8 உடன் ஒப்பிட்டால் கால் சதவீதம்கூட வித்தியாசமில்லை. அந்த அக்கறையைத் திருகுக்கணிச்சியில் காட்டுங்கள்.

10. விடை பிழைத்தால் எங்கே தேடுவது

உருக்குக்கு 2×10¹¹ வர வேண்டிய இடத்தில் வேறு எண் வந்தால், அந்த எண்ணே பெரும்பாலும் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

5×10¹⁰ வந்தால் விட்டத்தை ஆரையாகப் போட்டிருக்கிறீர்கள். பரப்பு நான்கு மடங்காகிவிட்டது.

2×10¹⁰ வந்தால் கிலோகிராமை நியூட்டனாக்க மறந்துவிட்டீர்கள்.

2×10¹⁴ வந்தால் திணிவு கிராமிலேயே இருக்கிறது.

2×10⁸ வந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். நீட்சி மில்லிமீற்றரில் இருக்கலாம். அல்லது சதுர மில்லிமீற்றரைச் சதுர மீற்றராக்க 10⁻⁶ க்குப் பதில் 10⁻³ போட்டிருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம்.

2.7×10¹¹ போல மூன்றில் ஒரு பங்கு கூடினால், வரைபை விட்டு 3 கிலோ வாசிப்பை மட்டும் எடுத்து, அதில் ஆரம்பச் சுமை 1 கிலோவையும் சேர்த்துவிட்டீர்கள்.

10 முதல் 15 சதவீதம் குறைந்தால் கணக்கைக் குறைசொல்ல வேண்டாம். பூச்சோடு சேர்த்து விட்டத்தை அளந்தீர்களா, பூச்சிய வழுவைத் தலைகீழாகத் திருத்தினீர்களா, கவ்வி மெல்ல மெல்ல வழுக்கியதா என்று கருவிகளிடம் போங்கள்.

11. ஆய்வுகூடச் சட்டம் இல்லாவிட்டால்

மேசையிலேயே செய்யலாம். 0.28 மில்லிமீற்றர் அளவில் மெல்லிய செப்புக் கம்பியை ஒரு முனையில் இறுக்கி, 3 மீற்றர் நீட்டி, மேசை விளிம்பில் கப்பியின் மேலாக விடுங்கள். கப்பிக்கு முன்னால் கம்பியில் ஒரு சிறு தாள் துண்டை ஒட்டி, அதன் விளிம்பை மீற்றர் கோலில் உருப்பெருக்கியால் வாசியுங்கள். நீளம் என்பது இங்கே கவ்வியிலிருந்து அந்தத் தாள் விளிம்பு வரை.

50 கிராமுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் நீட்சி வரும். 200 கிராமைத் தாண்ட வேண்டாம். கப்பியின் உராய்வு ஏற்றும்போது நீட்சியைக் குறைத்தும் இறக்கும்போது கூட்டியும் காட்டும். ஆகவே இங்கே இரு வழி வாசிப்பு இல்லாமல் சரிவராது. ஒப்பீட்டுக் கம்பி இல்லாததால் வெயில் விழாத மூலையில், கதவை மூடிக்கொண்டு, விரைவாக முடியுங்கள். செம்புக்கு 1.2×10¹¹ பஸ்காலுக்குக் கிட்ட வந்தால் நல்ல வேலை.

12. இறப்பர் பட்டியை வைத்து ஒரு சோதனை

உருக்கா இறப்பரா கூடிய மட்டு உடையது என்று கேட்டால் பாதிப்பேர் இறப்பர் என்பார்கள், அது அதிகம் இழுபடுகிறதே என்று. மட்டு என்பது நீள மறுப்பதன் அளவு. இறப்பரின் மட்டு 10⁶ – 10⁷ பஸ்கால் அளவில்தான். உருக்குக்குப் பல்லாயிரம் மடங்கு கீழே. மட்டு கூடியது வலிமை கூடியது என்பதும் சரியல்ல. மென்னுருக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் மட்டு ஏறத்தாழ ஒன்றுதான். அறுக்கத் தேவையான தகைப்போ மிகவும் வேறு.

உருக்கு முடிந்ததும் அதே முறையில் இறப்பர் பட்டியை ஏற்றி இறக்கி வரைபு போடுங்கள். இரண்டு வளைகோடும் ஒன்றன் மேல் ஒன்று விழாது, நடுவே ஒரு தடம் (மூடிய வளையம்) இருக்கும். முழுதும் இறக்கினால் பட்டி பழைய நீளத்துக்கு ஏறத்தாழ வந்துவிடும். ஆகவே மீள்தன்மை போய்விட்டது என்று எழுதக் கூடாது. அந்தத் தடத்தின் பரப்பு வெப்பமாகப் போன சக்தி.

13. கழற்றி வைத்தல்

சோதனைக் கம்பியின் சுமையை முதலில் இறக்குங்கள், ஒப்பீட்டுக் கம்பியைக் கடைசியில். உருக்குக் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லியதாகத் தையல் மெசின் எண்ணெய் பூசி, ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத வட்டமாகச் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். சிறு வட்டமாகச் சுற்றினால் அடுத்த வகுப்புக்கு நெளிவுள்ள கம்பிதான் கிடைக்கும். எல்லையைத் தாண்டிய கம்பியைத் தனியாக ஒதுக்கி, அடையாளத் துண்டு ஒட்டி வையுங்கள். அறுபடும் வரை ஏற்றிக் காட்ட வேண்டிய நாளில் அது உதவும்.